இடது முன்சக்கரத்துக் காற்று

பரமக்குடியில் வாழ்க்கைப்பட்ட மகள் பிரதீபாவுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதற்கு முன்னால் ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகி, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தால் மனசு நிறையும் என்று ஆவுடையம்மாள் சொன்னதால், திங்கட்கிழமை காலையிலேயே அவளும் கணவர் பால்வண்ணமும் தங்கள் வெள்ளைக் காரில் புறப்பட்டார்கள். டிக்கியில் முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் நிறைந்த தூக்குகள், பின்சீட்டில் பட்டுப்புடவைப் பையும் ஒரு குலை வாழைப்பழமும், ஆவுடையம்மாள் மடியில் கண்ணாடி வளையல் பெட்டி. வளையலை அவள் டிக்கியில் வைக்கவில்லை, பின்சீட்டிலும் வைக்கவில்லை, ஏனென்றால் பால்வண்ணம் கார் ஓட்டுவதை அவள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

பால்வண்ணம் தென்காசிப் பக்கம் ஒரு சின்ன நகராட்சியில் குடிநீர் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்புக் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் இந்தத் தெருவுக்குத் திறந்து அந்தத் தெருவுக்கு மூடி, திறந்த தெருக்காரர்கள் சீக்கிரம் மூடிவிட்டான் என்று ஏச, மூடிய தெருக்காரர்கள் திறக்கவே இல்லை என்று ஏச, ஏச்சு வாங்கி வாங்கியே தலை நரைத்த மனுஷர். ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பழைய காரை வாங்கினார். தலைப்பிரசவத்துக்கு மகளை இதில்தான் வீட்டுக்குக் கூட்டிவருவேன் என்று மகள் உண்டாவதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். காரைத் தினமும் துடைத்தார், துடைத்து முடித்ததும் துடைத்த துணியைத் துவைத்தார், அதற்கு அப்புறம்தான் குளித்தார்.

கமுதியைத் தாண்டியதும் ஆவுடையம்மாளுக்குத் தன் காலடியில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. "இடது பக்கச் சக்கரத்துல என்னமோ குத்தியிருக்குங்க" என்றாள். "அது ரோட்டுச் சத்தம்" என்றார் பால்வண்ணம். இன்னும் கொஞ்ச தூரம் ரோட்டுச் சத்தம் கூடவே வந்தது. நெடுங்கருவை என்ற ஊர் விலக்கில் கார் தானாக இடது பக்கம் இழுத்து, வேண்டியவர் வீட்டுக்குத் திரும்புவதுபோல ஊருக்குள் திரும்பி, முச்சந்தியில் இருந்த ஒரு பஞ்சர் கடையின் முன்னால் போய் நின்றது.

நெடுங்கருவைக்குள் காற்று வருவதில்லை, வருவதற்கு வழியில்லை. ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம் கோட்டைச் சுவர் மாதிரி வளர்ந்து, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு, வெளியே அடிக்கிற காற்றை முள்ளாலேயே தடுத்து நிறுத்திவிடும். ஊருக்குள் புகை கிளம்பினால் கிளம்பிய இடத்திலேயே நின்று யோசிக்கும். முச்சந்திக் கொடிக்கம்பங்களில் கட்சிக் கொடிகள் ஏற்றிய நாள் முதல் கம்பத்தைக் கட்டிக்கொண்டே தொங்கின. தூற்றக் காற்றில்லாமல் குதிரைவாலி உமியோடும் தூசியோடும் களத்தில் குவிந்து கிடந்தது. அப்போது சித்திரை மாசம் வேறு, கத்திரி வெயில், ஊரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

பஞ்சர் கடைக்காரர் சீனி முகமது குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். தடித்த ஆணி ஒன்று தலை மட்டும் தெரிய உள்ளே இறங்கியிருந்தது. காரை ஜாக்கியில் ஏற்றி, குறட்டால் ஆணியைப் பிடித்து, "பைய எடுக்கேண்ணே, புஸ்ஸுன்னு போகும், மூஞ்சியக் காட்டாதிய" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்.

ஆணி வந்தது, அதன் பின்னால் காற்றும் வந்தது. முதலில் புஸ் என்றுதான் வந்தது. பிறகு ஊ என்று வந்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லாமல், ஆற்றோரம் அடிக்கிற மாதிரி அகலமாக, குளிர்ச்சியாக, நின்று நிதானித்து வந்தது. சீனி பாயின் கைலி படபடத்தது, கடை வாசலில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழி தூக்கப்பட்டு எதிரே ஓட்டுக்கூரைமேல் இறக்கப்பட்டு, அங்கேதான் போக நினைத்ததுபோல அலகைத் துடைத்துக்கொண்டது. டயர் மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை. ஒரு டயருக்குள் எவ்வளவு காற்று இருக்கும், அவ்வளவும் போய், அதற்குமேலும் போய், போய்க்கொண்டே இருந்தது.

சீனி பாய் டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. "காத்து எங்க புடிச்சிய?" என்று கேட்டார்.

"குத்தாலத்துக்குப் போற ரோட்டுல, பெட்ரோல் பங்க்ல" என்றார் பால்வண்ணம்.

"அதான் சாரல் வாடை அடிக்கிது" என்றார் சீனி பாய். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஏன் என்றோ எப்படி என்றோ அதற்குப் பிறகு நெடுங்கருவையில் யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு நேரமும் இல்லை. தெருவிலிருந்து ஒவ்வொருவராக வந்து காற்றின் முன்னால் நின்றார்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள், கையை விரித்தார்கள், கண்ணை மூடினார்கள். பஞ்சாயத்துத் தலைவி பஞ்சவர்ணம் வந்தாள். பெரிய உருவம், மெதுவான நடை, ஊரில் எல்லோரையும் மகனே மகளே என்று கூப்பிடுகிறவள். காற்றில் முகத்தைக் காட்டி நின்றவள் திரும்பி, "அய்யா, இந்த ஓட்டைய ஒரு பொழுதுக்கு அடைக்காம இருக்கலாமா? மக்க கொஞ்சம் வேர்வைய ஆத்திக்கிடட்டும். சாப்பாடு நம்ம வீட்டுல" என்றாள்.

பால்வண்ணம் ஆவுடையம்மாளைப் பார்த்தார். வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டால் போயிற்று என்று அவளும் தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலைப் பற்றி அவள் பிறகு பலமுறை வருத்தப்பட்டாள்.

காற்றுக்கு ஒரு திசை இருந்தது. சக்கரத்தில் ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அடித்தது. கிழக்குத் தெருவைப் பார்த்து அடித்தபோது மேலத்தெருக்காரர்களுக்கு ஒன்றுமில்லை, எங்களுக்கு மட்டும் வேர்க்கவில்லையா என்று கேட்டார்கள். அப்போதுதான் பால்வண்ணம் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு காருக்குள் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பினார். சக்கரம் திரும்பியது, காற்றும் திரும்பி மேலத்தெருவில் நுழைந்தது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த ஆள் போர்வை கொண்டுவரச் சொன்னார். இன்னும் கொஞ்சம் திருப்பினால் பள்ளிவாசல் தெரு. ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைச் சீனி பாய் கையால் அரைச்சுற்றுச் சுற்றிவிட்டால் பின்பக்கம் களத்துமேடு. ஒரு மணி நேரத்தில் பால்வண்ணம் ஊருக்கே முறை வகுத்துவிட்டார். காலையில் தூற்றுகிறவர்களுக்குக் களத்துமேடு, பிறகு கிழக்கு, உச்சிவெயிலில் அங்கன்வாடி, தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் தெரு, பொழுது சாயும்போது மேலத்தெரு. வாழ்நாள் முழுதும் செய்த வேலைதான், பொருள்தான் வேறு.

வெயில் தாழ்ந்தது. நாளைக்கு ஒரு நாள் என்றாள் பஞ்சவர்ணம். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அவர்களால் நகர முடியவில்லை, ஏனென்றால் காரின் முன்னால் கோலம் போட்டிருந்தார்கள்.

ஊர் அந்தக் காற்றை வெகு சீக்கிரத்தில் தனதாக்கிக்கொண்டது. காற்றில் நடந்து பழக்கமில்லாதவர்கள் வேட்டியை எப்போது பிடிப்பது எப்போது விடுவது என்று தெரியாமல் திணறியபோது, சென்னையில் இருந்துவிட்டு வந்தவர்கள் முச்சந்தியில் நின்று சொல்லிக்கொடுத்தார்கள். குமரிப் பெண்கள் தலைமுடியை விரித்துப்போட்டு முறைக்காகக் காத்திருந்தார்கள். குதிரைவாலி தூற்றிய உமி மேகமாக எழும்பிக் கருவேலங்காட்டின்மேல் போய் இறங்கியது. கட்சிக் கொடிகள் முதன்முதலாக விரிந்தன. விரிந்த பிறகு பார்த்தால், ஒரு கட்சிக்காரர்கள் இத்தனை வருஷமும் நின்று வணக்கம் வைத்தது அடுத்த கட்சிக் கொடிக்கு, அவர்கள் வைத்தது இவர்கள் கொடிக்கு. இரு தரப்பும் டீக்கடையில் உட்கார்ந்து பேசி, கம்பத்தைப் பிடுங்கி நடுவது பெரிய வேலை என்பதால், ஆட்கள் மாறிக்கொள்வது என்று சுமுகமாக முடிவு செய்தார்கள்.

ஆணிக்கும் மரியாதை நடந்தது. பித்தளைத் தட்டில் மஞ்சள் பொட்டு வைத்து, கழுவித் துடைத்து, காரின் பானட்மேல் வைத்திருந்தார்கள். அது தன் கட்டிலிலிருந்து விழுந்த ஆணி என்று ஒருவர் சொன்னார். இல்லை, தன் அப்பா படம் தொங்கிய ஆணி, படம் விழுந்து கண்ணாடி உடைந்ததற்கு வீட்டில் சாட்சி இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். மூன்றாவது ஆள் தன் செருப்பைக் கழற்றி அடியில் இருந்த ஓட்டையைக் காட்டினார். பஞ்சவர்ணம் ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மூன்று பேருக்கும் ஆளுக்கொரு துண்டு போர்த்தினாள்.

பால்வண்ணத்துக்கோ நாற்காலி போட்டார்கள், இளநீர் வெட்டினார்கள், காத்தய்யா என்று கூப்பிட்டார்கள். முறை மாற்றும்போது ஸ்டியரிங்கைத் திருப்பும் கையைப் பார்க்க ஆட்கள் கூடினார்கள். கல்யாணமான நாளிலிருந்து கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஆவுடையம்மாள் பார்த்ததில்லை. இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது, எது கூட என்று சொல்லமுடியவில்லை.

புதன்கிழமை மகள் போன் செய்தாள். "அம்மா, ராமேஸ்வரத்துல இருந்து கிளம்பியாச்சா?"

"இன்னும் ராமேஸ்வரமே போகலட்டி. வண்டி டயர்ல ஆணி."

"நேத்தும் அதத்தான சொன்ன."

"அதே ஆணிதான்" என்றாள் ஆவுடையம்மாள்.

போனை வைத்துவிட்டு நேரே முச்சந்திக்குப் போனாள். ராமேஸ்வரம் போய்விட்டது, சரி, கடல் எங்கேயும் போகாது. வளைகாப்பு போனால் வருமா? "டிக்கியில ஸ்டெப்னி இருக்குல்லா? அதை மாட்டிட்டு இந்தச் சக்கரத்த ஊருக்கே குடுத்துட்டுப் போவோம்" என்றாள். யாரும் மறுக்கவில்லை. சீனி பாய் போல்ட்டைக் கழற்றி இடது முன்சக்கரத்தை வெளியே எடுத்தார். எடுத்ததும் காற்று நின்றது, கொடிகள் கம்பத்தைக் கட்டிக்கொண்டன, தெருவில் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வேர்த்தார்கள். திரும்ப மாட்டியதும் காற்று வந்தது. வேறு காரில் மாட்டிப் பார்க்கலாம் என்று ஊரில் இருந்த ஒரு டாக்டரின் காரைக் கொண்டுவந்து மாட்டினார்கள், வரவில்லை. அந்தக் காற்றுக்கு அந்தச் சக்கரமும் வேண்டும், அந்தக் காரும் வேண்டும்.

"அப்ப காரு இங்கயே நிக்கட்டும். நாம பஸ்ல போவோம்" என்றாள்.

பால்வண்ணம் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "மாசமா இருக்கிற புள்ளய பஸ்லயா கூட்டிட்டு வரச் சொல்லுத? பார்த்துக்கிடலாம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பொழுது கெடக்கு" என்று சொல்லிவிட்டு, பள்ளிவாசல் தெருவுக்கு நேரமாகிவிட்டதென்று ஸ்டியரிங்கைத் திருப்பப் போனார்.

வியாழக்கிழமை ஊர் இரண்டாகியது. கிழக்குத் தெருவில் ஒரு அம்மாள் மொட்டைமாடியில் வடாம் பிழிந்து காயவைத்திருந்தாள். அவர்களுடைய முறை முடிந்து காற்று மேலத்தெருவுக்குத் திரும்பும்போது, திரும்புகிற காற்றோடு காய்ந்த வடாமெல்லாம் கிளம்பிப் பறந்து மேலத்தெருவில் போய்ப் பொழிந்தது. வானத்திலிருந்து வந்ததை மேலத்தெருக்காரர்கள் கேள்வி கேட்கவில்லை, பொறுக்கிப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். வாசனை கிழக்குத் தெருவுக்கு வந்துசேர்ந்தது. வடாம் திரும்பி வரவேண்டும், இல்லையென்றால் மேலத்தெருவின் காற்று எங்களுக்கு வரவேண்டும் என்று கிழக்குத் தெரு கேட்டது. பொரித்த வடாமை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று மேலத்தெரு கேட்டது. இரண்டு தெருவும் கேட்டது பால்வண்ணத்திடம்.

"எங்களுக்குச் சீக்கிரம் மூடுதீரு" என்றார்கள் கிழக்குத் தெருக்காரர்கள்.

"எங்களுக்குத் தொறக்கவே இல்ல" என்றார்கள் மேலத்தெருக்காரர்கள்.

"நேத்து வந்த ஆளு, எங்க ஊருக் காத்துக்கு முறை போடுறான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பால்வண்ணத்தின் தோள் லேசாக இறங்கியது, பார்வை தரைக்குப் போனது, உதட்டின் ஒரு ஓரம் சிரிப்பதுபோல வளைந்தது. அந்த முகத்தை ஆவுடையம்மாளுக்குத் தெரியும். வேலை முடிந்து வந்து வாசலில் கம்பியைச் சாய்த்துவிட்டுக் கால் கழுவும் முகம் அது. வேண்டும் இந்த மனுஷருக்கு என்று ஒரு கணம் நினைத்தாள். மறுகணமே அப்படி நினைத்ததற்காக அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு காரின் முன்சீட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காரைத் தூக்கி நிறுத்தியிருந்ததால் இருவரும் சற்றே வலது பக்கம் சாய்ந்தபடி இருந்தார்கள்.

"இங்கயும் அதே ஏச்சுதான்" என்றாள்.

"ஆமா."

"அப்புறம் என்னத்துக்கு உக்காந்திருக்கீங்க?"

அவர் கண்ணாடிவழியே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏசினாலும் காத்தய்யான்னு சொல்லித்தான ஏசுதாங்க" என்றார். பிறகு, "கல்யாணத்தன்னைக்கு சம்பந்தி என்னய ஒருத்தர்கிட்ட காட்டிச் சொன்னாரு. இவருதான் பொண்ணோட அப்பா, தண்ணி தொறந்துவிடுறவர்னு. பொய்யா சொன்னாரு? இல்ல. ஆனா அந்தாளு எனக்குக் குடுக்க நீட்டின கைய பையில போட்டுக்கிட்டான். வளைகாப்புக்கும் அந்தாளு வருவான். நான் எந்த மூலையில போய் நிக்கது, ஆவுடை" என்றார்.

ஆவுடையம்மாளுக்கு இது தெரியாது. கல்யாணம் முடிந்து இத்தனை நாளாக இதை அவர் சொல்லவே இல்லை. அவள் வளையல் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் நாளைக்குக் காலையில பஸ்ல போறேன். எம்புள்ள கையில மொத வளையல் நான் போடணும். நீங்க இருந்து காத்துத் தொறந்துவிடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதலாக உறைத்திருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் வந்தது. தூக்குகளையும் வாழைக்குலையையும் பஞ்சவர்ணமே சுமந்துவந்து ஏற்றிவிட்டாள். "மகளே, சங்கடமா இருக்கு. எங்களுக்குக் காத்து கெடச்சு உனக்கு மனசு வேகுது" என்றாள். ஆவுடையம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட் எடுத்து, அதைச் சுருட்டி வளையல் இடுக்கில் சொருகிக்கொண்டாள். பஸ் கருவேலங்காட்டைத் தாண்டியதும் உண்மையான காற்று அடித்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் நின்றது. பின்னால் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு கார் வந்து, எதிர்ப்பக்கத்து இடத்தில் ஏறி, பஸ்ஸை ஒட்டி நின்றது. சக்கரங்களில் கோலமாவு ஒட்டியிருந்தது, கண்ணாடியில் எலுமிச்சம்பழ மாலை ஊசலாடியது. பால்வண்ணம் இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். ஆவுடையம்மாள் கண்ணாடியைத் திறந்தாள், முழுக்கத் திறக்கவில்லை.

"எறங்கு, போவோம்" என்றார்.

"டிக்கெட் எடுத்துட்டேன்."

"சரி, எடுத்தா என்ன."

"எடுத்தது எடுத்ததுதான். நீங்க வந்தா ஊருக்குக் காத்து?"

"ஆணிய திரும்ப அடிச்சிட்டேன்." அவர் சக்கரத்தைக் காட்டினார். ஆணித்தலை மஞ்சள் பொட்டோடு டயரில் பளபளத்தது. "நீ பஸ் ஏறினதும் முறை மாத்த உக்காந்தேன். எந்தத் தெருவுக்குன்னு கேட்டாங்க. கிழக்குத் தெரு, மேலத்தெரு எதுவும் வாயில வரல. நம்ம தெருப் பேருதான் வந்துச்சு. அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். பஞ்சவர்ணத்தம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, உள்ள போய் சுத்தியல எடுத்துட்டு வந்து குடுத்துச்சு. போய்ட்டு வாங்க மகனேன்னுச்சு."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"ஏசினாங்க. கையாட்டி வழியனுப்பவும் செஞ்சாங்க."

பஸ்ஸில் பாதிப்பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நடத்துநர் படிக்கட்டில் நின்றபடி, கேட் திறப்பதற்குள் ஒரு முடிவு சொல்லச் சொன்னார். ஆடு வைத்திருந்த ஒரு பெரியவர், பொம்பளை டிக்கெட் எடுத்த பிறகு இறக்குவது முறையில்லை என்றார். அவர் மனைவி, புருஷன் துரத்திக்கொண்டு வருவது எத்தனை பேருக்கு வாய்க்கும், எனக்கு வாய்த்ததா என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டார்.

ஆவுடையம்மாள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அங்க அந்தாளு வருவானே" என்றாள்.

"வரட்டும். எந்த மூலையில நிக்கச் சொன்னாலும் நிக்கேன். எம்மவ கைய நீட்டும்போது நான் அந்த வீட்டுல இருக்கணும்."

அவள் வளையல் பெட்டியை ஜன்னல்வழியே அவர் கையில் கொடுத்தாள். அதை அவர் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ரயில் போகிற சத்தத்தில் அவள் இறங்கினாள், பின்னாலேயே தூக்குகளும் வாழைக்குலையும் கைமாறி கைமாறி இறங்கின. வாழைக்குலையில் பாதிதான் இறங்கியது. பஸ்ஸில் எல்லோரும் ஏதோ மென்றுகொண்டிருந்தார்கள்.

நெடுங்கருவையில் அன்று மத்தியானம் வரை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லையாம். கொடிகள் தொங்கின, புகை நின்று யோசித்தது, ஊர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தது. ஆனால் காற்றைப் பார்த்துவிட்ட உடம்பு சும்மா இருக்குமா? கிழக்குத் தெருக்காரர்கள் முதலில் அரிவாளை எடுத்தார்கள், அவர்கள் எடுத்தார்களே என்று மேலத்தெருக்காரர்களும் எடுத்தார்கள். யார் முதலில் வெட்டித் திறப்பது என்று போட்டி போட்டுக்கொண்டு இரு பக்கமும் கருவேலங்காட்டை வெட்டித் தள்ளினார்கள், தூர் தூராக வேரோடு பிடுங்கினார்கள், கடைசி மரம் சாய்ந்த அன்று காற்று ஊருக்குள் வந்தது. சாதாரணக் காற்றுதான். சாரல் வாடை கிடையாது. எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் அடித்தது, அடிக்காதபோது எந்தத் தெருவிலும் அடிக்கவில்லை. அதில் ஊருக்கு ஒரு சின்னக் குறை, ஏசுவதற்கு ஆள் இல்லை. இப்போதும் புழுக்கமான நாட்களில் யாராவது வானத்தைப் பார்த்து, காத்தய்யா இருந்திருந்தா கேட்டிருப்பேன் என்று சொல்வதுண்டு.

இதெல்லாம் பிற்பாடு சீனி பாய் போனில் சொன்னது. வெள்ளிக்கிழமைக்குத் திரும்புவோம்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடியச் சற்றே நேரமிருந்தது. பிரதீபா மாலையும் கழுத்துமாகப் பெரிய வயிற்றோடு மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல் ஓடி, பெட்டியைத் திறந்து, மகளின் கையைப் பிடித்து முதல் வளையலைப் போட்டாள். ஒரு வளையல்கூட உடையவில்லை. கதவோரம், ஆண்கள் கூட்டத்தின் கடைசியில், பால்வண்ணம் எட்டி நின்று அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எஞ்சினியர் வேலை பார்க்கிற சம்பந்தி கைலாசம் அவரிடம் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம். பக்கத்தில் கல்யாணத்தன்று கையைப் பையில் போட்டுக்கொண்ட அந்த உறவினரும் நின்றார்.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்றார் கைலாசம்.

"டயர்ல ஆணி" என்றார் பால்வண்ணம்.

கைலாசத்தின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "எந்தச் சக்கரம்?"

"இடது முன்பக்கம்."

"எனக்கும் இடது முன்பக்கம்தான்" என்றார் கைலாசம். அவர் குரலில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு நெருக்கம் வந்தது. "பதவி உயர்வுக்கு நேர்காணல் போறேன், பாதி வழியில ஆணி. அன்னைக்கு விட்டதுதான், அதுக்கப்புறம் அந்தப் பதவி வரவே இல்ல. உக்காருங்க சம்பந்தி, ஏன் நிக்கிறீங்க?" அந்த உறவினரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்கு வலது பின்பக்கம் என்றும், மாமனார் சாவுக்குப் போகும்போது என்றும், சாவுக்குப் போய்ச் சேரவில்லையே என்று மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள் என்றும் ஆரம்பித்தார். ஆணி குத்தாத மனுஷர் அந்த வீட்டில் யாரும் இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர்களைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பேசினார்கள்.

கடைசியில் பால்வண்ணத்தின் முறை வந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். டயர் இறங்காததையும், சாரல் வாடையையும், கோழி கூரையேறியதையும், தெருத்தெருவாக முறை வைத்துக் காற்றைத் திருப்பியதையும், பறந்த வடாமையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எலுமிச்சம்சாதத் தட்டோடு வந்த ஆவுடையம்மாள் கதவோரம் நின்று, இவர்கள் சிரிக்கப்போகிறார்கள், என் மனுஷர் முகம் இறங்கப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தாள்.

கைலாசம் கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்து, கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

"புறப்படும்போது காத்து எவ்வளவு புடிச்சீங்க?"

"முப்பது" என்றார் பால்வண்ணம்.

"அதான்" என்றார் எஞ்சினியர். "தூரப் பயணத்துக்கு முப்பத்திரண்டு புடிச்சிருக்கணும்."

பக்கத்திலிருந்த உறவினர் ஆமாம் என்று தலையாட்டி, பால்வண்ணத்தின் தொடையில் தட்டினார்.